பளிச்சண்ணன்

ஓமலூர் கல்யாண மண்டபங்களுக்கு முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் முழு ஓய்வு கிடையாது. உரக் கம்பெனி, சிமென்ட் கம்பெனி என்று யாராவது டீலர் மீட் வைப்பார்கள். மாப்பிள்ளை இல்லாத அந்த விசேஷத்திலும் பளிச்சண்ணன் உண்டு.

உரக் கம்பெனி ஆபீசில் அவர் கணக்குப் பிரிவு. கழுத்தில் தொங்குவது துபாய் மச்சான் கொடுத்த கேமரா. "வெளியாள் எதுக்கு? நம்ம தம்பிகிட்டதான் கேமரா இருக்கே" என்று மேனேஜர் சொன்ன நாளில் பதவி வந்தது. படி வரவில்லை.

கேமரா உச்சியில் டப்பென்று எழும்பும் குட்டி ஃப்ளாஷை நம்பித்தான் அவர் பிழைப்பு. ஐ.எஸ்.ஓ. 100-இல், கூடவே வந்த லென்ஸை முழுக்க ஜூம் செய்தால், அது ஏழடி எட்டினால் அதிகம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. அண்ணனோ பத்தாவது வரிசையிலிருந்து மேடையைக் குறிவைப்பார். ஒன்பதாவது வரிசை வழுக்கைகளில் பௌர்ணமி, மேடையில் அமாவாசை.

சரி, கிட்டே போனால்? பளபள ஃப்ளெக்ஸில் நிர்வாக இயக்குநர் பெயர்மேல் வெள்ளைத் திட்டு. சிறப்பு விருந்தினருக்குக் கண்ணாடி உண்டு, கண் கிடையாது. குத்துவிளக்கு ஏற்றும் படத்தில் சுடரைத் தேட வேண்டும்.

ஒரு கல்யாண போட்டோகிராபர் மனம் பொறுக்காமல் சொன்னார்: "அண்ணா, தனி ஃப்ளாஷ் வாங்கி சீலிங்கப் பாத்துத் திருப்பி அடிங்க." நல்ல யோசனைதான், சீலிங் வெள்ளையாக இருந்தால். அண்ணன் வாங்கி அடித்த அன்று, முந்தைய நாள் கல்யாணத்துக்குச் சீலிங்கில் கட்டிய ரோஸ் துணி அவிழ்க்கப்படவில்லை. மேச்சேரி, தாரமங்கலம், காடையாம்பட்டி உர டீலர்கள் அத்தனை பேரும் பெண் பார்க்க வந்தவர்களைப்போல் கன்னம் சிவந்து நின்றார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஃப்ளாஷையே அணைத்துவிட்டார். ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 1.8 லென்ஸ். உண்மையைச் சொல்ல வேண்டும், படங்கள் அருமை. ஆனால் பொன்னாடை வாங்கிய டீலர் மேடையை விட்டு இறங்கவில்லை.

"ஏனுங்க, இன்னும் எடுக்கலீங்களா?"

"எடுத்தாச்சுங்க."

"மின்னவே இல்லீங்களே!"

பின்னால் வரிசை நெளிந்தது. அண்ணன் ஃப்ளாஷை எழுப்பி நேராக முகத்தில் ஒன்று அடித்தார். டீலர் கும்பிட்டு இறங்கினார்.

இப்போது ஆளுக்கு இரண்டு படம். மின்னாதது கம்பெனி மலருக்கு, மின்னியது மனத் திருப்திக்கு. இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டீலர்கள் பிரேம் போடுவது இரண்டாவதைத்தான்.

"இதுலதானுங்க நான் கலரா இருக்கறேன்."