பில் பகிர்வியல்: சோம்புத் தட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் 'டிப்ஸ்' என்னும் சொல்லுக்கு ஒருமை கிடையாது. ஐந்து ரூபாய் வைத்தாலும் டிப்ஸ், ஐந்நூறு வைத்தாலும் டிப்ஸ். முன்னை ஆய்வாளர் எவரும் இதைக் கண்டுகொள்ளாமையால் இவ்வாய்வு தேவையாயிற்று. ஆய்வுக் களம், மயிலாப்பூரில் ஒரு சைவ ஓட்டலின் மூலை மேசை. உடன் உண்டோர், அலுவலக நண்பர்கள் ஐவர்.

டிப்ஸ் என்பது தாராள மனத்தின் அளவு என்பது பழைய கொள்கை. களப்பணி அதை ஏற்கவில்லை. 480 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய்த் தாளை வைத்தால் சோம்போடு 20 ரூபாய் திரும்பும். விவரமான சர்வர் அதை இரண்டு பத்தாக மாற்றிக்கொண்டு வருவார், ஒன்றாவது தங்கும். பில் 497 என்றால் அதே ஆள், அதே நெய் ரோஸ்ட், அதே உபசாரம், ஆனால் மூன்று ரூபாய். ஆக, டிப்ஸை முடிவு செய்வது மனம் அன்று, மீதி. 2016இல் யுபிஐ வந்தது. பைசா சுத்தமாகப் பணம் போகிறது, மீதி ஒழிந்தது. இப்போது தட்டில் சோம்பு மட்டும் தனியாக வருகிறது. சர்வர் அதையும் சிரித்துக்கொண்டேதான் வைக்கிறார்; நம்மால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இனி பங்கீடு. அன்று சாப்பிட்டது 1,180 ரூபாய்க்கு. மத்திய அரசுக்கு 29.50, மாநில அரசுக்கு 29.50. அரசுகள் பங்கு பிரித்துக்கொள்ளும் அழகைப் பாருங்கள், ஒரு சச்சரவு இல்லை! மொத்தம் 1,239. பில் வந்ததும் "நீ வைப்பா, நான் குடுக்கறேன்" என்று ஆறு கைகள் பாக்கெட்டுக்குள் போயின. உள்ளே போன வேகத்தில் எந்தக் கையும் வெளியே வரவில்லை. ஆய்வாளரின் கை மட்டும், களப்பணியில் அனுபவம் போதாமையால், வந்துவிட்டது.

ஆளுக்கு 206 ரூபாய் 50 காசு. ஐம்பது காசு இன்றும் செல்லும் நாணயம்தான். கண்ணால் கண்டவர் யார்? "ரவுண்டா எரநூறு அனுப்பிடுவோம்ப்பா" என்றார் ஒருவர். இந்தப் பெருந்தன்மை பில் கட்டாதவருக்கே தோன்றும் என்பது இவ்வியலின் முதல் விதி.

ஆய்வாளர் உண்டது சாம்பார் வடை 60, காபி 40, வரியுடன் 105. கட்டியது 1,239, டிப்ஸ் 20. நால்வர் அங்கேயே இருநூறு அனுப்பினர். ஐந்தாமவர் "நெட் ஸ்லோவா இருக்கு, வீட்டுக்குப் போய் அனுப்பறேன்" என்றார். வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆக ஒரு வடை, ஒரு காபி, 459 ரூபாய்.

கேட்பதற்குத் தொல்காப்பியர் மூன்று சொல் வகுத்திருக்கிறார். தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். இருவரும் ஒரே சம்பளம் வாங்குவதால் இலக்கணப்படி நான் 'தா' என்றுதான் கேட்க வேண்டும். லிஃப்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பல்லெல்லாம் தெரிய 'ஈ' என்றே வருகிறது.

நண்பரே, இருநூறு போதும். அந்த ஆறரை ரூபாயை ஆய்வுச் செலவில் எழுதிவிட்டேன்.