ஆயில் பண்டிதர்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு ஓடுகிற பிக்கப் வண்டிகள் ஆயில் மாற்றுவதற்காக ஒதுங்கும் பட்டறை எதுவானாலும் சரி, அங்கே காலியான 20 லிட்டர் ஆயில் பக்கெட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் ஒருவர் வீற்றிருப்பார். அவர் பட்டறை முதலாளி அல்லர், மெக்கானிக்கும் அல்லர், எந்த ஆயில் கம்பெனிக்கும் பிரதிநிதியும் அல்லர். ஆயினும் அவருடைய சம்மதமின்றி அந்தப் பட்டறையில் ஒரு சொட்டு ஆயில்கூட எந்த என்ஜினுக்குள்ளும் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. அவரே ஆயில் பண்டிதர்.

வண்டிக்காரர் ஒருவர் வந்து, "என்ன ஆயில் ஊத்தலாம்ணே?" என்று மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டால், மெக்கானிக் வாயைத் திறக்குமுன் பண்டிதர் தொண்டையைக் கனைத்துவிடுவார். ஆனால் எடுத்த எடுப்பில் பதில் சொல்வது அவருடைய கௌரவத்துக்குக் குறைவு. "பானெட்டைத் தூக்குங்க தம்பி" என்பார். எழுந்து சென்று, டிப் ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மறுபடி சொருகி, மறுபடி உருவி, நுனியில் தொங்கும் துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பார்; விரல்களை மெல்லப் பிரித்து, அது நூல் விடுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார்; மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். இத்தனை கிரியைகளும் சாங்கோபாங்கமாக நிறைவேறிய பின், குரலைத் தாழ்த்தி, "கறுத்துப் போச்சே தம்பி" என்று தீர்ப்பு வழங்குவார்.

டீசல் என்ஜினில் ஊற்றிய ஆயில் கறுப்பது அதன் சுபாவம். எரிந்த டீசலின் புகைக்கரி கட்டிதட்டி உலோகத்தின்மேல் படிந்துவிடாதபடி, அதைத் துகள் துகளாகத் தன்னுள் தாங்கி நிற்பதற்கென்றே அதில் சேர்மானங்கள் கலந்திருக்கிறார்கள். ஆகவே கறுத்த ஆயில், வாங்கிய கூலிக்கு வேலை செய்துகொண்டிருக்கிற ஆயில். இந்த நியாயமெல்லாம் பண்டிதரின் நீதிஸ்தலத்தில் எடுபடாது. வண்டியோடு வந்த புத்தகம் குறித்த கிலோமீட்டரில் பாதியைக்கூட எட்டாத எத்தனையோ நிரபராதி ஆயில்கள், அவருடைய விரல் பட்ட தோஷத்தால் டிரெயின் பிளக் வழியாக வெளியேறி, சென்டரிங் பலகைக்குத் தடவப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நிறத்தைப் பற்றிய விசாரணை முடிந்ததும் எண்களைப் பற்றிய விசாரணை ஆரம்பமாகும். 1911-ல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் முதன்முதலாக வகுத்து, பிற்பாடு பலமுறை திருத்திய தரவரிசைப்படி, டப்பாவின் மேல் '15 டபிள்யூ 40' என்று போட்டிருந்தால், முன்னே நிற்கும் 15 குளிரில் ஆயிலின் நடமாட்டத்தையும், பின்னே நிற்கும் 40 கொதிநிலைச் சூட்டில், அதாவது 100 டிகிரியில், அதற்கு மிஞ்சியிருக்கும் கெட்டித்தன்மையையும் குறிக்கும். அந்த 15 என்ற பட்டத்தைப் பெற ஆயில் மைனஸ் 20 டிகிரிக் குளிரில் பரீட்சை கொடுக்க வேண்டும். சித்திரை மாதத்து உச்சி வெயிலில், தார் இளகிய சாலையோரத்தில் நின்றுகொண்டு, அந்தக் குளிரை உத்தேசித்து நம் பண்டிதர் படுகிற விசாரம் கல்நெஞ்சையும் கரைக்கும். "திடீர்னு கொடைக்கானல் லோடு வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்பார். கொடைக்கானல் மார்கழியில்கூட அந்த எல்லையின் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இவ்வளவு குளிருக்கு அஞ்சுகிற மனிதர் இளக்கமான ஆயிலை விரும்புவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அதுதான் இல்லை. ஆயில் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய மூல சித்தாந்தம். '5 டபிள்யூ 30' டப்பாவைக் கண்டால், "காசைக் குடுத்துத் தண்ணிய வாங்கி ஊத்தாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். விடியற்காலையில் என்ஜினை முடுக்கும்போது முதலில் ஓடிப்போய் பேரிங்குகளை நனைப்பது அந்த இளகிய ஆயில்தான் என்பதும், இன்ன இடைவெளிக்கு இன்ன கெட்டி போதும் என்று என்ஜினைச் செய்தவனே அளந்து வைத்திருக்கிறான் என்பதும் அவருடைய மனத்தில் இடம்பெறுவதில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வண்டிகள் வந்தபோதுதான் பண்டிதருடைய சாஸ்திரத்துக்கு முதல் சோதனை ஏற்பட்டது. இவற்றில் பெரும்பாலான டீசல் வண்டிகளுக்குப் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கரி எரிந்து போய்விடும். ஆயிலின் சேர்மானங்களிலுள்ள உலோகச் சாம்பலோ எரியாமல் அங்கேயே தங்கி, நாளடைவில் வழியை அடைக்கும். அதனால்தான் சி.கே.4 போன்ற சாம்பல் குறைந்த ஆயிலைக் கம்பெனிகள் வற்புறுத்துகின்றன. டேஷ்போர்டிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து, "இதுல இப்படிப் போட்டிருக்குண்ணே" என்று ஓர் இளைஞன் நீட்டினால், பண்டிதர் அதை வாங்காமலேயே, "புத்தகம் எழுதினவன் நம்ம மார்க்கெட்ல ஒருநாள் ஓவர்லோடு ஏத்திப் பாத்திருக்கானா தம்பி?" என்று கேட்பார். பிறகு, அவன் டீ சொல்லப் போன சமயம் பார்த்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை எழுத்தெண்ணிப் படிப்பார். அவன் திரும்பி வந்ததும், "சி.கே.4 ஊத்துங்க; நான் அப்பவே சொன்னேனே" என்பார்.

அவரிடம் சுயநலம் அணுவளவும் இல்லை. சில டப்பாக்களின் மூடிக்குள் மெக்கானிக்குகளுக்கென்று வைக்கப்படுகிற டோக்கனை அவர் தொடவும் மாட்டார். சீல் வளையத்தைத் திருகிப் பார்த்து அசல்தானா என்று பரிசோதிப்பது அவர் வேலை. ஊற்றி முடித்த டப்பாவைப் போலிக்காரன் மறுபடி நிரப்பி விற்றுவிடாதபடி கத்தியால் குறுக்கே கிழித்துப் போடுவதும் அவர் வேலையே. இவ்வளவுக்கும் சம்மானம் ஒரு டீ. வடை வந்தால் ஆட்சேபணை இல்லை.

அவருடைய சொந்த வாகனமோ பழைய டி.வி.எஸ். 50. அந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினில் மாற்றுவதற்கென்று ஆயிலே கிடையாது; பெட்ரோலோடு கலந்து ஊற்றியது பெட்ரோலோடு எரிந்து போய்விடும். பங்க் பையன் கையில் கிடைத்த டூ-டி ஆயிலை அளந்து கலக்கும்போது, இது என்ன ஆயில் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பண்டிதர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இத்தகைய ஞானம் இத்தனை காலம் அம்பலப்படாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜோசியர் சொன்ன பலன் வருஷத்துக்குள் பொய்த்துவிடலாம். வைத்தியர் கொடுத்த மருந்து வாரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடலாம். பொருந்தாத ஆயில் தன் கைவரிசையைக் காட்டவோ லட்சம் கிலோமீட்டர்கூடப் பிடிக்கும். அதற்குள் வண்டி இரண்டு கை மாறியிருக்கும். போதாததற்கு, காலாகாலத்தில் மாற்றுகிற எந்த யோக்கியமான ஆயிலையும் பழைய டீசல் என்ஜின் சகித்துக்கொள்கிறது. பைனான்ஸ் தவணை பாக்கி நிற்க, ஒன்றரை டன் தக்காளியோடு நடுராத்திரியில் பாலக்காட்டுச் சாலையில் தனியாகப் போகிறவனுக்கு, அச்சடித்த புத்தகம் தராத ஒரு தைரியத்தை, துளியைத் தேய்த்துப் பார்த்து ஒரு மனிதர் தலையசைத்தது தந்துவிடுகிறது. அந்தத் தலையசைப்பு ஒரு டீக்குக் கிடைக்கிறதென்றால் விலை மலிவுதான்.

ஆயில் மாற்றியாயிற்று, பானெட்டை மூடியாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று. வண்டிக்காரர் சாவியைத் திருகப் போகிறார். அப்போது பக்கெட்டின் மேலிருந்து குரல் வருகிறது: "அவசரப்படாதீங்க தம்பி, கிரவுன் ஆயில் என்னைக்கு மாத்தினீங்க?"