தாலி கட்டும் நேரத்தில் அணையும் கம்ப்யூட்டர்

கேள்வி: 2009-ல் வாங்கிய கம்ப்யூட்டர். மகன் செல்போனில் எடுத்த கல்யாண வீடியோவைப் போட்டால், சரியாகத் தாலி கட்டும்போது அணைந்துவிடுகிறது. வைரஸா?

பதில்: வைரஸ் மேல் பழி போடாதீர்கள், பாவம். இன்றைய செல்போன்கள் பலவும் ஹெச்.265 முறையில் வீடியோவைச் சுருக்குகின்றன. அந்த முறை வந்ததே 2013-ல்! உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாது; மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். சமையல்காரர் வராத கல்யாணத்தில் மாப்பிள்ளையே சாம்பார் கிண்டுகிற கதை. சூடு எல்லை மீறினால், கருகாமல் தப்பிக்க மெஷின் தானே அணைந்துகொள்ளும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஹெச்.264-க்கு, 720பி அளவில் மாற்றுங்கள். அதையும் மகனின் லேப்டாப்பில். உங்களுடையதில் செய்தால் தாலி வரைகூடப் போகாது. பிறகு மூடியைக் கழற்றி விசிறித் தூசியைத் துடையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சார்!