ஐந்தாம் நம்பர் யூரியா

எங்கள் குடியிருப்புச் சங்கம் உரம் தூவும் தள்ளுவண்டி ஒன்றை வாங்கியிருக்கிறது. அடியில் வரிசையாக ஓட்டைகள். கைப்பிடியில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட திருகு. இத்தனை காலம் கொரியன் புல்லுக்குத் தோட்டக்காரர் கையாலேயே யூரியா விசிறிவந்தார். சங்கச் செயலாளருக்கு அது விஞ்ஞானமாகப் படவில்லை.

"ஏனுங்க சார், அஞ்சுன்னா அஞ்சு கிலோங்களா?" என்றார் தோட்டக்காரர்.

செயலாளர் கையேட்டைப் புரட்டினார். பல மொழிகளில் எச்சரிக்கை இருந்தது, இதற்குப் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. ஓட்டை எவ்வளவு திறக்கிறது என்பதோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. எவ்வளவு விழும் என்பது குருணையின் பருமனையும், காற்றின் ஈரத்தையும், தள்ளுகிறவரின் காலையும் பொறுத்தது. யூரியா ஈரத்தை உறிஞ்சும். சித்திரையில் மணலாகக் கொட்டுவது ஐப்பசியில் கட்டிபிடித்து இறங்க மறுக்கும்.

ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 1,000 சதுர அடிப் புல்லுக்கு ஒரு தடவைக்கு 1 கிலோவே அதிகபட்சம். அதையும் பாதி நெடுக்காக, பாதி குறுக்காகப் போட்டால்தான் பச்சைப் பட்டை விழாது. எங்கள் வண்டியின் அகலம் 2 அடி. 50 அடி தள்ளினால் 100 சதுர அடி. அதற்குள் 50 கிராம் விழ வேண்டும். சிமென்ட் தரையில் ஓட்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளி நிறுத்தால் தெரிந்துவிடும். தராசு செயலாளர் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. திரும்பிப் போகவில்லை; அந்த வீட்டு அம்மா உள்ளே விடவில்லை.

செயலாளருக்குச் சர்க்கரை. டாக்டர் வேகநடை சொல்லியிருக்கிறார். வண்டியையும் அதே வேகத்தில் தள்ளினார். மூன்றில் குறைந்தது, ஐந்தில் சொல்லிவைத்தாற்போல் 50 கிராம். ஐந்துக்குப் பக்கத்தில் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டார்கள். எல்லோருக்கும் டீ.

மறுநாள் புல்தரையில் தள்ளியது தோட்டக்காரர். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, அவசரமும் இல்லை. ஓட்டை திறந்திருக்கும்வரை உரம் விழுந்துகொண்டேதான் இருக்கும். நடை தளர்ந்தால் அந்த இடத்துக்குக் கூடுதல் படி. நடுவில் சம்பந்தியிடமிருந்து போன். ஓட்டைகளின் மூடியைச் சாத்தாமல் நின்றே பேசியிருக்கிறார். சில நாளில் புல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. அவர் ஆற அமர நடந்த பக்கம் கரும்பச்சை. சம்பந்தி பேசிய இடத்தில் வட்டமாகக் கருகல். வட்டத்தின் அளவைப் பார்த்தால் ஏதோ சீர்வரிசைத் தகராறு என்று நினைக்கிறேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதா, ஆளை மாற்றுவதா என்று சங்கம் கூடிப் பேசியது. இரண்டு பேர்மேலும் குற்றமில்லை. அளவு எடுத்தது ஒருவர் காலுக்கு, உரம் போட்டது இன்னொருவர் கால்.

உங்களிடமும் இப்படியொரு வண்டி இருந்தால், தினமும் தள்ளப்போகிறவரையே நடக்கவிட்டு அளவு எடுங்கள். உர மூட்டை மாறினால் மறுபடி எடுங்கள். நிற்பதற்கு முன் மூடியைச் சாத்தச் சொல்லுங்கள். போட்ட கையோடு தண்ணீர் விடுங்கள். தராசு மட்டும் தனியாக வாங்கிவிடுங்கள்.