வெண்ட தம்பிக்கு ஏழு புத்தி

வெண்டிட்டாய் மோனை. நல்லது. மாலையைக் கழட்டி அந்தக் கதிரையில வை, கழுத்துக் கடிக்கும். வெடி கொளுத்தின பொடியளுக்குக் காசு குடுத்தாச்சோ எண்டு பார். பேந்து இப்பிடி வந்து இரு.

இந்தக் கிழவனுக்குப் படிப்புக் குறைவு. ஆனால் கரைச்சிப் பிரதேச சபையில எத்தினை உறுப்பினர்மார் மாலையோட வந்து வெறுங்கழுத்தோட போனவை எண்டு எண்ணத் தெரியும். அவை போன வழியைத்தான் உனக்குச் சொல்லித் தரப்போறன். ஒரு அடியும் பிசகாமல் அதில போனியெண்டால், அடுத்த தேர்தலுக்குப் பிறகு நீயும் என்னோட இந்தத் திண்ணையில இருந்து ஆறுதலா வெத்திலை போடலாம்.

முதலாம் புத்தி: சனத்துக்கு உன்னில தீராத காதல் எண்டு நம்பு. 2025 மே 6இல கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி மூண்டு பிரதேச சபையிலயும் தமிழரசுக் கட்சியின்ர வீடுதான் முன்னுக்கு வந்தது. "மக்கள் எங்கட பக்கம்" எண்டு ஒலிவாங்கி வெடிக்கக் கத்து. ஆராவது 2024 நவம்பர் 14ஐப் பற்றிக் கதை எடுத்தால் மட்டும் காது மந்தமெண்டு சொல்லு. அண்டைக்குக் கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில ஆறு ஆசனத்தில மூண்டு ஜனாதிபதியின்ர கட்சிச் சின்னமான திசைகாட்டிக்குப் போனது. வீட்டுக்கு ஒண்டு, சைக்கிள் சின்னத்துக்கு ஒண்டு, சுயேச்சைக்கு ஒண்டு. ஆறு மாசம் போகேல்லை, காத்து மாறிப்போச்சு. தெற்கிலயும் இதே கதைதான். நாடு முழுக்க 61 வீதத்துக்கு மேல எடுத்த கட்சி, மே மாசம் 43 வீதத்தில வந்து நிண்டது. ஆறு மாசத்தில ஜனாதிபதியின்ர கட்சிக்கே கணக்குக் காட்டின சனம், உனக்கு நாலு வருசம் தந்திருக்கு. வாக்கெண்டது குத்தகைக்கு விட்ட வயல் மோனை. உறுதி எங்கட பெட்டகத்துக்குள்ள கிடக்கு. ஒரு போகம் புல்லு மண்ட விட்டியோ, அடுத்த போகம் வரம்பில வேற ஆள் நிப்பான்.

ரெண்டாம் புத்தி: நீ இல்லாட்டிச் சபை ஓடாது எண்டு நினை. 2018 பெப்ரவரி 10இல தேர்தல் வைச்சினம். நாலு வருசம் முடிய, இன்னுமொரு வருசம் நீட்டிச்சினம். 2023 மார்ச் 9 எண்டு திகதி குறிச்சினம், பிறகு காசில்லை எண்டு சொல்லிப் படுத்திட்டினம். தேர்தலை வைக்காமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் எண்டு 2024 ஓகஸ்டில உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. 2023 மார்ச் தொடக்கம் 2025 யூன் வரைக்கும் சபையில ஒரு உறுப்பினரும் இல்லை, செயலாளர்தான் நடத்தினவர். அந்த ரெண்டு வருசமும் சூரியன் கிழக்கிலதான் உதிச்சது. சனம் இதைக் கவனிச்சு வைச்சிருக்கு. நீ கவனியாதே.

மூண்டாம் புத்தி: சின்ன விசயத்தில வாய் வைக்காதே. என்ர மருமோன் லண்டனில ஹறோப் பக்கம் இருக்கிறான். அங்க எங்கட சபையள் மாதிரி 32 பறோவாம். நாலு வருசத்துக்கு ஒருக்கா மே மாசத்து முதல் வியாழக்கிழமை தேர்தல். 2018 மே 3, 2022 மே 5, 2026 மே 7 எண்டு கலண்டரில முன்கூட்டியே குறிச்சு வைக்கலாமாம். எங்கட ஆக்களும் நிக்கினம், வெல்லுகினம். கிங்ஸ்டனில யோகன் யோகநாதன் மேயராவும் இருந்தவர். "அங்க என்னத்துக்கடா அடிபடுகினம்?" எண்டு கேட்டன். குப்பை வாளியைக் கிழமைக்கு ஒருக்கா எடுக்கிறதோ ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எடுக்கிறதோ, கார் விடுற இடத்துக்கு எவ்வளவு காசு, கவுன்சில் வரி ஏன் ஏறினது, இதுகள்தானாம். உறுப்பினர் சனிக்கிழமையில வாசிகசாலையில மேசை போட்டு இருப்பாராம், சனம் வந்து முறைப்பாடு சொல்லுமாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உலகத்தையே ஆண்ட சனம் குப்பை வாளிக்கு வாக்குப் போடுது, எங்கட பொடியளிட்ட மதகு கட்டித் தரச் சொல்லிக் கேட்டால் ஜெனிவாவில கதையைத் தொடங்குவினம்.

நீயும் அப்பிடியே செய். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை வாசிச்சுக் கண்ணைக் கெடுக்காதே. அதில என்ன கிடக்கு? பொதுச் சுகாதாரம், பொது வசதி, பொது வீதி. இதுக்கோ நீ பிறந்தனி? தெருலைட்டைப் பற்றி ஆராவது எழும்பிக் கேட்டால், சர்வதேச நீதி கிடைக்கும்வரை இருட்டில இருப்பம் எண்டு சொல்லு. 2016 செப்டெம்பரில கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிஞ்சது. யாழ்ப்பாணத்தில இருந்து தீயணைப்பு வண்டி ஏ9இல ஓடி வந்து சேர முன்னம் கடையள் சாம்பலாப் போச்சு. தீயணைக்கிற வண்டி பக்கத்தில நிக்கவேணுமெண்டது சின்ன விசயம்தானே. கடைக்காரனிட்டக் கேட்டுப் பார்.

ஒரு நிமிசம் பகிடியை விடுறன். 2008 கடைசியில கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் எண்டு சுத்தி வந்து இந்த மண்ணில திரும்பவும் கால் வைச்சவன் நான். எங்களுக்கு என்ன நடந்தது, என்ன வேணும் எண்டு எனக்கு ஆரும் ஒலிவாங்கியில சொல்லித் தரத் தேவையில்லை. அந்தப் பெரிய துயரத்தைக் கொண்டுவந்து ஒரு உடைஞ்ச மதகுக்கு மறைப்பாப் பிடிக்கிறதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. சரி, பகிடிக்கு வருவம்.

நாலாம் புத்தி: கிடங்கு கண்டால் மூடாதே, முதல் அது ஆற்ற கிடங்கெண்டு விசாரி. ஏ9 எண்டால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. மாகாணத்தின்ர றோட்டெண்டால் வீதி அபிவிருத்தித் திணைக்களம். இரணைமடு வாய்க்கால் கரையெண்டால் நீர்ப்பாசனம். வயலுக்குப் போற வழியெண்டால் கமநலம். மிச்சக் கிரவல் ஒழுங்கையள்தான் உன்ர தலையில. காணி உறுதியெண்டு ஆராவது அழுதுகொண்டு வந்தால், "அது பிரதேச செயலகம் அம்மா, இது பிரதேச சபை" எண்டு அன்பாச் சொல்லு. யானை வாழையை முறிச்சால் வனசீவராசிகள். இந்தக் கந்தோர் பேர் எல்லாம் நாக்கு நுனியில இருந்தால், நாலு வருசமும் ஒரு கல்லுத் தூக்காமல் காலந்தள்ளலாம். கண்டாவளை ஆக்களைக் குழப்பிறது இன்னும் சுகம். அவைக்குச் செயலகம் தனிய இருக்கு, சபை கரைச்சியோட. மாரியில மட்டும் எப்பன் கவனம். 2018 டிசம்பரில வெள்ளம் வரேக்க, எந்த றோட்டு எந்தத் திணைக்களத்தின்ர எண்டு பாத்துத் தண்ணி பாயேல்லை.

அஞ்சாம் புத்தி: மற்றக் கட்சிக்காரர் எல்லாருக்கும் இண்டைக்கே துரோகிப் பட்டம் குடுத்து முடி. பிந்தினால் பட்டம் குடுக்க ஆள் கிடையாது, ஏனெண்டால் நாளைக்கு அவையிட்டத்தான் கை கேட்டுப் போகவேணும். யாழ்ப்பாண மாநகர சபையைப் பார். 2025 மே தேர்தலில 45 ஆசனத்தில வீட்டுக்கு 13, சைக்கிளுக்கு 12, திசைகாட்டிக்கு 10. பாதிக்குக் கிட்டவும் ஒருத்தருமில்லை. யூன் பிறக்கச் சைக்கிளும் சங்குச் சின்னக் கட்சியும் ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சுது. தமிழரசின்ர பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம் வேற கட்சித் தலைவர் டக்ளஸ் தேவானந்தாவைப் போய்ச் சந்திச்சார். கொழும்பில 117இல 48 எடுத்த திசைகாட்டி, இரகசிய வாக்கெடுப்பில 61க்கு 54 எண்டு மேயர் கதிரையைப் பிடிச்சுது. மிச்சக் கையள் ஆற்ற எண்டு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். புதுத் தேர்தல் முறையில அறுபது வீதம் வட்டாரம், நாப்பது வீதம் பட்டியல். ஆரும் தனிய நிமிர்ந்து நிக்கிறது கஷ்டம். ஆனபடியால் மேடையில நீ திட்டுற ஒவ்வொரு சொல்லையும் பிறகு நீயே திரும்ப விழுங்கவேண்டி வரும். உப்புப் போட்டுத் திட்டினால் விழுங்கேக்க எப்பன் உருசையா இருக்கும்.

ஆறாம் புத்தி: சபைக்கு வந்த பெண்களை மதியாதே. கால்வாசிப்பேர் பெண்களா இருக்கவேணுமெண்டது சட்டம். 2018இலதான் முதன்முதலா நடைமுறைக்கு வந்தது. கனபேர் பட்டியலில வந்தவை. "போனஸ் உறுப்பினர்" எண்டு பகிடி பண்ணு, அவை எழும்பிக் கதைக்கேக்க போனை நோண்டு. எந்தக் கிணறு உவராப்போச்சு, எந்த முன்பள்ளிக்குக் கக்கூசு இல்லை, எந்த ஒழுங்கையால பொழுதுபட்டால் பெட்டையள் ரியூசனுக்குப் போகப் பயப்பிடுதுகள் எண்டு அவைக்கு வட்டாரம் வட்டாரமாத் தெரியும். உனக்கு ஏன் அந்த வில்லங்கம்? புருசன் இல்லாமல் தனிய நிண்டு குடும்பம் கொண்டுபோற பெண்கள் கனக்க இருக்கிற மாவட்டம் இது. அந்த வீடுகளிலயும் வாக்கிருக்கு எண்டதை மறந்துவிடு.

ஏழாம் புத்தி காசைப் பற்றினது. "நிதி இல்லை" எண்டு சொல்லப் பழகு. அதுக்கு நல்ல சாட்டும் கிடைச்சிருக்கு. தேர்தலுக்கு முதல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, தங்கட ஆக்களின்ர சபையெண்டால் யோசியாமல் காசு விடலாம், மற்றவையின்ரயெண்டால் பல தரம் பாக்கவேணும் எண்ட கருத்தில மேடையில பேசினவர். அவர் அப்பிடிப் பேசினது பிழைதான். வாக்குப் போட்ட சனத்தின்ர வரிக்காசு கட்சிக்காசில்லை. ஆனால் உனக்கு அது வலுத்த உதவி. எல்லாப் பழியையும் கொழும்பில போடு. சோலைவரி எவ்வளவு வந்தது, சந்தைக் குத்தகை ஆருக்கு, எவ்வளவுக்குப் போனது, கழிவு அள்ளுற உழவு இயந்திரத்துக்கு எவ்வளவு எண்ணெய் குடிச்சது எண்டு ஒரு விடுப்புக் கிழவன் வந்து கேட்டால், "ஐயா, எங்களுக்குச் சமஷ்டி வரட்டும், பாப்பம்" எண்டு அனுப்பிவிடு. உள்ள அஞ்சு சதத்துக்குக் கணக்குக் காட்டத் தெரியாதவனிட்ட ஆர் சமஷ்டியைத் தூக்கித் தருவினம் எண்டு அந்தக் கிழவன் திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லாதே. அவனுக்கு மறை கழண்டுபோச்சு எண்டு சொல்லு.

இவ்வளவும்தான் மோனை. ஏழையும் விடாமல் செய்தால் திண்ணையில உனக்கு இடம் நிச்சயம்.

இல்லை, கிழவன்ர கதை கேக்கமாட்டன் எண்டு அடம்பிடிச்சியெண்டால், நாளைக்கு ஒரு சீஆர் கொப்பி வாங்கு. உன்ர வட்டாரத்தில எரியாத லைட், உடைஞ்ச மதகு, தண்ணி நிக்கிற ஒழுங்கை எல்லாத்தையும் நடந்து பாத்து எழுது. சைக்கிளில போகாதே, கட்சி மாறிட்டாய் எண்டு கதைப்பினம். எது உன்ர சபையின்ர வேலை, எதுக்கு எந்தக் கந்தோருக்குக் கடிதம் போட்டனி, என்ன மறுமொழி வந்தது எண்டு பக்கத்தில எழுது. மாசம் ஒருக்கா அந்தத் தாளைச் சனசமூக நிலையத்துச் சுவரில ஒட்டு. நாங்கள் வந்து வாசிச்சுப் புள்ளி போடுறம்.

தமிழ்த் தேசியமும் ஒரு பாடம்தான், அதை நாங்கள் தள்ளிவைக்கேல்லை. அது வேற பேப்பர், வேற நாளில எழுதலாம். இந்தப் பேப்பரில மதகைப் பற்றித்தான் கேள்வி.