தனிவீட்டுக்காரர்

நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மன் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆக்தர்ஹூக் வட்டாரத்துக் கிராமம் ஏதாவது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலய மணி அடித்து ஓய்ந்துவிட்டது. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அந்த நேரத்தில் சுவரைத் துளைக்கும் ட்ரில் மெஷின் ஓசை ஒன்று எழுந்தால் சந்தேகமே வேண்டாம், அது அமைதியைத் தேடி நகரத்திலிருந்து குடிவந்தவரின் வீடு.

அவர்தான் தனிவீட்டுக்காரர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். உத்ரெக்ட்டிலோ அர்னெமிலோ வரிசை வீட்டில் இருந்தவர். அந்த நாட்டில் எங்கு பார்த்தாலும் வரிசை வீடுதான். இரண்டு பக்கச் சுவரும் பங்காளிச் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் மாடியேறினால் எத்தனை படி என்று இவருக்கு மனப்பாடம். மறுபக்கத்துப் பெண் பியானோவில் எந்த இடத்தில் தடுக்குவாள் என்பதும் தெரியும். பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான்கு சுவரும் தனக்கே சொந்தமான வீடு வேண்டும் என்ற வைராக்கியத்துக்கு வந்திருப்பார்.

வைராக்கியம் வந்தவர் ராத்திரியில் தூங்குவதில்லை. படுக்கையில் போர்வைக்குள் ஃபுண்டா பார்க்கிறார். நாட்டில் விற்பனைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை அந்த இணையதளத்தில் வந்துவிடும். புது வீடுகளை விரல் தானாகத் தள்ளிவிடும். 1930களில் கட்டிய வீடு என்று கண்டால் மட்டும் மூச்சு நிற்கும். தாழ இறங்கிய கூரை விளிம்பு, முன்னறையில் வெளியே புடைத்த ஜன்னல், முன்கூடத்துக்கும் பின்கூடத்துக்கும் நடுவே தள்ளுகதவு, கதவிலும் ஜன்னலிலும் ஈயப் பட்டை போட்ட வண்ணக் கண்ணாடி. அரைக் கிலோ பாலாடைக்கட்டிக்கு இரண்டு கடை ஏறி இறங்கி விலை பார்க்கிற மனிதர், அந்தக் கண்ணாடி வழியே வெயில் விழும் போட்டோவைப் பார்த்ததும் கணக்கை மறந்துவிடுவார்.

வீட்டைப் பார்க்கத் தரகர் கொடுப்பது இருபது நிமிஷம். இவரும் மனைவியும் உள்ளே போகும்போது முந்தைய தம்பதி வெளியே வருகிறார்கள். நால்வரும் மிகுந்த மரியாதையோடு புன்னகை செய்துகொள்வார்கள். அவ்வளவு பகை நிறைந்த புன்னகையை வேறெங்கும் காண முடியாது. உள்ளே போனதும் நம்மாள் சுவர்களை விரலால் தட்டுகிறார். 1920களுக்கு முன்பு கட்டியவை பெரும்பாலும் கெட்டிச் சுவர். பிறகு வந்தவற்றில் நடுவே காற்று இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். இது அவருக்குத் தெரியும். தட்டினால் கேட்கும் சத்தம் எது எதைக் குறிக்கிறது என்பதுதான் தெரியாது. ஆனாலும் தட்டிவிட்டுத் தலையாட்டுகிறார். அவர் தலையாட்டுவதைப் பார்த்து மனைவியும் தலையாட்டுகிறார். தரகர் இந்தக் கட்டத்தில் வாயே திறக்க மாட்டார், தொழில் தெரிந்தவர்.

பிறகு கட்டடத்தைச் சோதிக்க ஒருவர் வருவார். வாசலில் கால்மிதியை விலக்கினால் தரையில் ஒரு மூடி. திறந்தால் வீட்டுக்கு அடியில் முழங்கால் உயரமே உள்ள இருட்டுப் பள்ளம். மேலங்கியை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு அவர் தவழ்ந்து போவார். திரும்பி வரும்போது முகத்தில் சிலந்தி வலையும் கையில் அறிக்கைக்கான சமாச்சாரமும் இருக்கும்: ஈரம், உளுத்த உத்தரம், எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரியாத குழாய். நம்மாள் அத்தனையையும் விட்டுவிட்டு ஒரே வரியைப் பிடித்துக்கொள்வார்: அஸ்திவாரம் நன்றாக இருக்கிறது. கௌடாவிலும் சாண்டாமிலும் பல பழைய வீடுகள் சதுப்பு மண்ணில் மரத்தூண்மேல் நிற்கின்றன. நிலத்தடி நீர் இறங்கினால் தூண் தலை காற்றுப் பட்டு அழுகிவிடும். இங்கே மணல் பூமி, வீடு நேரே தரைமேல் உட்கார்ந்திருக்கிறது. இதை இனி பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும், வட்டமாகப் போட்ட நாற்காலியில் காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருக்கும் உறவினர்களுக்கு அவர் சொல்லப்போகிறார்.

விலை கேட்பது சம்பிரதாயம். சொன்ன விலைக்குமேல் எவ்வளவு என்பதே விஷயம், அதையும் மற்றவர்கள் எழுதியது தெரியாமல் மூடின கடிதம்போல எழுதித் தர வேண்டும். உத்தேசத் தொகையோடு 1,111 யூரோ சேர்த்து எழுதுவார், மற்றவர்கள் எல்லாம் முழு எண்ணாக எழுதுவார்கள் என்று ஒரு சூட்சுமம். அதே சூட்சுமம் அவர்களுக்கும் தோன்றியிருக்கும் என்பது ஏனோ தோன்றாது. வங்கியோ, மதிப்பீட்டாளர் போட்ட மதிப்புக்குமேல் ஒரு காசு தராது. எனவே ஆசைக்காக ஏற்றிய தொகை, 2 சதவீதக் கைமாற்று வரி, நோட்டரி கட்டணம் எல்லாம் சொந்தப் பையிலிருந்து. முதல் வீடு வாங்கும் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு விலை வரம்பு வரை அந்த வரி கிடையாது. இவர் அந்த வயதில் பியானோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு வாங்குகிறவருக்குச் சித்தம் தெளிய மூன்று நாள் கொடுக்கிறது டச்சுச் சட்டம்; 2003 முதல் நடப்பில் இருக்கிறது. கையெழுத்திட்டபின் அந்த மூன்று நாளுக்குள் காரணமே சொல்லாமல் பின்வாங்கலாம். சட்டம் எழுதியவர்கள் மனித குலத்தின்மேல் வைத்த நம்பிக்கையை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது. தனிவீட்டுக்காரர் அந்த மூன்று நாளையும் விறகு அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று வரைவதில் செலவிடுகிறார். பத்திரத்தில் ஒரு பிரிவு, வீடு பழையது, புது வீட்டின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது என்கிறது. இன்னொன்று, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்கிறது. இரண்டின் அடியிலும் பேரன் பெயர்சூட்டு விழாவுக்கு வந்தவர்போலச் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுகிறார்.

ஆஸ்பெஸ்டாஸ் கொல்லைக் கொட்டகையின் கூரையில் இருந்தது. நாட்டில் அதன் பயன்பாட்டை 1993இலேயே தடைசெய்துவிட்டார்கள். பழைய கூரைகளையும் ஒழிக்க வந்த சட்டத்தை 2019இல் மேலவை கவிழ்த்துவிட்டது. ஆகவே விட்டுவிடலாம். விடுவாரா? திருகாணி போட்ட தகடுகளை, 35 சதுர மீட்டர் வரை, நகராட்சிக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்காரரே கழற்றலாம் என்று விதி இருக்கிறது. அளந்தார்: 34. அந்த ஒரு மீட்டர் மிச்சத்தைக் கடவுள் தமக்கென்றே விட்டுவைத்ததாக நம்புகிறார்.

அன்று கையில் எடுத்த கருவி கீழே இறங்கவில்லை. ஆர்டிஎல் 4 தொலைக்காட்சியில் இப்படிப்பட்ட கணவர்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சி உண்டு: 'ஹெல்ப், மெய்ன் மன் இஸ் க்ளுஸ்ஸர்', அதாவது 'காப்பாற்றுங்கள், என் கணவர் வீட்டு வேலையைத் தானே செய்கிறவர்'. பாதியில் நிற்கும் வீட்டு வேலையோடு வாழும் மனைவிமார் முறையிடுவார்கள், ஆட்கள் வந்து முடித்துக் கொடுப்பார்கள். இவர் மனைவி அதை ஒலியைக் கூட்டி வைத்துப் பார்க்கிறார். ட்ரில் சத்தத்தில் கணவருக்குக் கேட்பதில்லை.

எத்தனை சூடு கண்ட வீடு! முதலில் நிலக்கரி அடுப்பு. 1959இல் ஸ்லோக்டரனில் எரிவாயு கண்டுபிடித்த பிறகு கேஸ் கணப்பு, அப்புறம் பாய்லர். அந்த குரோனிங்கன் எரிவாயு வயலையே 2024இல் சட்டம் போட்டு மூடிவிட்டார்கள்; இப்போது வெப்ப பம்ப் வேண்டும். வந்து பார்த்த மெக்கானிக் உள்ளேயும் கோட்டைக் கழற்றவில்லை. "தாராளமா வைக்கலாம். ஆனா முதல்ல வீட்டுக்கு ஸ்வெட்டர் போடுங்க." சுவர் இடைவெளியில் பஞ்சு, தரைக்கடியில் படலம், கூரைக்கடியில் பலகை. ஜன்னலின் ஈயக் கண்ணாடி மட்டும் மிச்சம். அதைச் சட்டத்திலிருந்து பெயர்த்து, புது இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் அடைத்தார்கள். அதற்கு ஆன செலவை அவர் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

கிராமமும் அவர் நினைத்த அமைதியில் இல்லை. பிப்ரவரி நடுவில் தடை விலகியதும் டிராக்டர்கள் மாட்டுச் சாணக் குழம்பைப் புல்வெளியில் இறக்குகின்றன. இலையுதிர் காலத்தில் மக்காச்சோள அறுவடை நள்ளிரவு தாண்டியும் நடக்கும். எதிர்வீட்டுச் சேவலைப் பற்றித் தெரு வாட்ஸாப் குழுவில் எழுதப் போனவரை மனைவி கையைப் பிடித்துத் தடுத்தார். வேலிக்கு அப்பால் சைக்கிளோடு நின்ற எழுபது வயதுப் பெரியவர் ஒருநாள் விசாரித்தார்.

"அந்தச் சுவரையா இடிக்கிறீங்க?"

"ஆமாம், வெளிச்சம் வரட்டும்னு."

"நல்லது. உங்களுக்கு முன்னால இருந்தவர் கட்டினது. அவருக்கு முன்னால இருந்தவர் அங்கே இருந்த சுவரை இடிச்சார், வெளிச்சம் வரட்டும்னு."

அந்தப் பெரியவர்தான் இவருக்கு முதல் அண்டைவீட்டார். அப்படியொரு முறை அந்த வட்டாரத்தில் உண்டு. யார் யாருக்கு அண்டைவீட்டார் என்பது வீட்டோடு வருகிறது, ஆளோடு அல்ல. பிள்ளை பிறந்தால் ஆள் நீளத்துக்கு உலர்திராட்சை ரொட்டி கொண்டுவருவார்கள், நோய் என்றால் மாடு கறப்பார்கள், சாவு என்றால் சவப்பெட்டி தூக்குவார்கள். பங்காளிச் சுவர் வேண்டாம் என்று வந்தவர், ஒரு டஜன் பங்காளி வீடுகளையும் சேர்த்து வாங்கியிருக்கிறார். தரகர் இதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

டச்சுக்காரர்கள் கல்யாணத்தின் பன்னிரண்டரை வருஷத்தையும் கொண்டாடுவார்கள். இவருக்கு அந்த நாள் வந்தது. முந்தின மாலை தெருவே திரண்டு, பைன் தழையில் காகிதப் பூக்கள் கட்டிய வளைவோடு வாசலுக்கு வந்தது. பெரியவர் கையில் சுத்தியல், வாயில் நாலங்குல ஆணிகள். வளைவை அடிக்க வேண்டிய இடமோ கதவு நிலை. ஏழு அடுக்குப் பெயின்டைச் சுரண்டி, தேய்த்து, எண்ணெய் ஏற்றி, ஓக் மரத்தின் ரேகை தெரிய அவர் ஒரு கோடை முழுவதும் உழைத்த நிலை. இரண்டு கைகளையும் விரித்து அதன் முன்னால் நின்றுவிட்டார். ஆணி வேண்டாம், கொக்கி போடலாம் என்கிறார் இவர். கொக்கி தாங்காது, தழை கனம் என்கிறார் பெரியவர். தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மதுப்புட்டி ஒரு சுற்று வந்தது. கடைசியில் செங்கல் சுவரில் துளை போடுவது என்று முடிவாயிற்று. அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் அதற்குள் ட்ரில்லை எடுக்க உள்ளே ஓடியிருந்தார்.