பல்லியம்

கேள்வி: பல்லியமும் சிம்பொனியும் ஒன்றா? வில்லுப்பாட்டுக் குழுவைப் பல்லியம் எனலாமா?

பதில்: இயம் என்றால் வாத்தியம், பல வாத்தியங்கள் கூடி ஒலித்தால் பல்லியம். மலைபடுகடாம் கூத்தர்கள் முழவு, ஆகுளி, பாண்டில், குழல் எனப் பையில் கட்டிச் சுமந்தது பல்லியத்தையே. குறுந்தொகைப் புலவர் ஒருவர் பெயரே நெடும்பல்லியத்தனார்! சிம்பொனி என்பது பல்லியம் வாசிப்பதற்காக எழுதப்படும் இசைவடிவம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய இளையராஜாவின் ‘வேலியன்ட்’ ஒரு சிம்பொனி. அதை வாசித்த ராயல் பில்ஹார்மானிக் குழு ஒரு பல்லியம்.

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் குழுவின் வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை கூடி முழங்குவதும் ஐயமின்றிப் பல்லியமே. லண்டனில் பல்லியத்தைக் கோல் வீசி நடத்துபவர் பாடுவதில்லை. இங்கே வில்லை அடிக்கும் வீசுகோல் பிடித்தவரே விடிய விடியப் பாடவும் செய்கிறார்.